துணி கிளிப்பா, ஸ்பூனா?

சாதாரணப் பொருளையெல்லாம் ராட்சத சைஸ்ல சிற்பமாக்கின அமெரிக்கச் சிற்பி கிளாஸ் ஓல்டன்பர்க் செஞ்சதுல எது பெஸ்ட்னு கேட்டா எல்லாரும் அமெரிக்காவுல மினியாபொலிஸ் நகரத்துல இருக்க ஸ்பூனைத்தான் சொல்வாங்க, 1988ல மனைவி கூஷா வான் புருகனோட சேர்ந்து செஞ்சது, குளத்துக்கு மேல பாலம் மாதிரி வளைஞ்சு கிடக்கும், நுனியில செர்ரி, அதோட காம்புலேர்ந்து தண்ணி கசிஞ்சு வழியுறதால அந்தச் சிவப்பு எப்பவும் பளபளன்னு இருக்கும், அழகுதான், மறுக்கல.

ஆனா எனக்கு ஃபிலடெல்ஃபியா துணி கிளிப்தான். 1976, 45 அடி, துருப்பிடிச்ச நிறத்துல ஸ்டீல். சிட்டி ஹால் எதிர்லயே நிக்குது. நடுவுல இருக்க ஸ்பிரிங்கை உத்துப் பாருங்க, 76னு எழுதின மாதிரியே தெரியும், அமெரிக்கா சுதந்திரம் அடைஞ்சு 200 வருஷம் ஆன வருஷம் அது! ரெண்டு பேர் கட்டிப்பிடிச்சு நிக்கிற மாதிரியும் இருக்கும். கொடியில மாட்டுற கிளிப்புக்குள்ள இவ்வளவு பாசம் இருக்குன்னு காட்டினாரு பாருங்க, அங்கதான் நான் விழுந்துட்டேன்.