டாய்ச்லாண்ட் டிக்கெட்: மூன்று வருடமாக எங்கள் பையில் இருக்கும் அட்டை

நாங்கள் டுசெல்டோர்ஃபுக்கு வந்து இறங்கியது 2022 அக்டோபரில். அந்த வருடம் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் ஜெர்மனி முழுக்க மாதம் 9 யூரோவுக்கு டிக்கெட் கொடுத்தார்களாம். இவருடைய ஆபீஸில் அதைப் பற்றிப் பேசாத ஆளில்லை. எங்களுக்கு அது தப்பிவிட்டது. முதல் குளிர்காலத்தில் நாங்கள் பார்த்த ஜெர்மனி, வீட்டிலிருந்து நாலு ட்ராம் ஸ்டாப் தூரம்தான். குளிர் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் கணக்கு. பக்கத்தில் இருக்கும் கொலோனுக்குப் போய்வர ஒரு ஆளுக்கு இருபது யூரோவுக்கு மேல் ஆகும். இரண்டு பேருக்கு நாற்பது. உடனே மனசு தொண்ணூறால் பெருக்கும். "3,600 ரூபாய்க்கு ஒரு சர்ச் பார்க்கணுமாங்க?" என்று நான் கேட்பேன், இவரும் ஃபோனைக் கீழே வைத்துவிடுவார். இங்கே ஞாயிற்றுக்கிழமை கடை கண்ணி எதுவும் திறக்காது. ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மொட்டை மரத்தைப் பார்த்தபடி எத்தனையோ ஞாயிறுகள் போயிருக்கின்றன.

2023 மே 1 அன்று டாய்ச்லாண்ட் டிக்கெட் வந்தது. மாதம் 49 யூரோ. உள்ளூர் ட்ராம், பஸ், சுரங்க ரயில், எஸ்-பான் என்கிற புறநகர் ரயில், வட்டார ரயில்கள் என நாடு முழுக்க எதில் வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறலாம். ஐசிஇ, ஐசி மாதிரியான அதிவேக, தொலைதூர ரயில்களில் மட்டும் செல்லாது. முதல் நாளே எடுத்தோம், கிட்டத்தட்ட மூன்று வருடமாக வைத்திருக்கிறோம். புதிதாக இங்கே வருகிறவர்கள் "எடுக்கலாமா, பிரயோஜனப்படுமா" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எங்கள் அனுபவத்தை எழுதுகிறேன்.

அந்த மே 1 திங்கட்கிழமை, உழைப்பாளர் தின விடுமுறை. புளியோதரையை அலுமினியத் தாளில் மடித்துக்கொண்டு எஸ் 8 என்ற எஸ்-பான் பிடித்து வுப்பர்டாலுக்குப் போனோம். அங்கே ஓடுவது தொங்கு ரயில். தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும், பெட்டி கீழே தொங்கிக்கொண்டு போகும். 1901-லிருந்து ஓடுகிறது, 13.3 கிலோமீட்டர். ஃபோவிங்கலில் ஏறினால் முதலில் தெருவுக்கு மேலே, வீடுகளின் மாடி ஜன்னலை ஒட்டிப் போகிறது. அப்புறம் வுப்பர் ஆற்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் ஆற்றுக்கு மேலேயே. வளைவில் பெட்டி பக்கவாட்டில் லேசாகச் சாயும்போது வயிறு ஒரு தரம் எழும்பி இறங்கும். 1950-ல் ஒரு சர்க்கஸ்காரர்கள் விளம்பரத்துக்காக டுஃபி என்ற யானைக்குட்டியை இதில் ஏற்றினார்கள். அது மிரண்டு பெட்டியை உடைத்துக்கொண்டு ஆற்றில் குதித்து, சிராய்ப்போடு பிழைத்துக்கொண்டது. அந்தக் கதையை இவர் சொல்லச் சொல்ல நான் கீழே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ஸ்டேஷன் வரை போனோம், திரும்பி வந்தோம், ஆசை தீராமல் மறுபடியும் போனோம். மூன்றாவது தரம் ஏறும்போதுதான் உறைத்தது: இரண்டு பேரும் அன்று ஒரு தடவைகூட ரூபாய்க் கணக்குப் போடவில்லை.

இந்த டிக்கெட்டின் முக்கியமான பலன் எனக்கு அதுதான். பணம் மிச்சமாவது அதற்கு அடுத்தது. காசு கொடுத்து ஒரு ஊருக்குப் போனால் அந்த ஊர் நன்றாக இருந்தே ஆக வேண்டும். மழை பெய்தால் கோபம் வரும், காலை ஏழு மணிக்கே கிளம்பவில்லையே என்று சண்டை வரும். இப்போது அப்படியில்லை. பதினோரு மணிக்குச் சாவகாசமாகக் குளித்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போய், முதலில் எந்த வண்டி வருகிறதோ அதில் ஏறியிருக்கிறோம். பாதி வழியில் இறங்கியிருக்கிறோம். எஸ்ஸெனில் சோல்ஃபெராய்ன் என்ற பழைய நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது, யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இடம். கொட்டுகிற மழையில் போய் இறங்கி, பத்தே நிமிடம் பார்த்துவிட்டு, அடுத்த ட்ராமில் திரும்பினோம். இரண்டு வாரம் கழித்து நல்ல வெயிலில் மறுபடி போய் நாள் முழுக்கச் சுற்றினோம். சொந்த ஊரில் இருக்கிறவர்கள்தான் இப்படி வந்து போவார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த பாதை ரைன் நதிக்கரை. கொலோனில் ஆர்பி 26 என்ற வட்டார ரயில். பான், கோப்ளென்ஸ் வழியாக மைன்ஸ் வரை ஆற்றின் இடது கரையை ஒட்டியே போகிறது. தெற்கே போகும்போது இடது பக்க ஜன்னலில் உட்காருங்கள், ஆறு அந்தப் பக்கம்தான். கோப்ளென்ஸில் மோசல் வந்து ரைனில் கலக்கும் முனையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த வண்டி பிடிக்கலாம். அதற்குப் பிறகு மலை இரண்டு பக்கமும் நெருங்கி வந்துவிடும். சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், உச்சிக்கு உச்சி ஒரு கோட்டை. லோரெலைப் பாறை எதிர்க்கரையில் வரும்போது வண்டி குகைக்குள் போய்ப் போய் வெளியே வரும், கண்ணை எடுக்காதீர்கள். கவுப் ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவில், கல்லால் செய்த கப்பல் மாதிரி, வெள்ளையாக ஒரு கோட்டை நிற்கிறது. படகுகளிடம் சுங்கம் வசூலிக்க பதினான்காம் நூற்றாண்டில் கட்டியது. பாக்கராக்கில் இறங்கினால் ஸ்டேஷனிலிருந்து ரெண்டு எட்டில் பழைய மதில். இந்தப் பாதைக்கு மட்டும் ஐந்து தடவை போயிருக்கிறோம். அக்டோபர் கடைசியில், திராட்சை இலை மஞ்சளாகியிருக்கும்போது போவது தனி அழகு.

இனி குறைகள். வட்டார ரயில்கள் தாமதமாகும், ரத்தாகும். வெயில் அடிக்கும் சனிக்கிழமையில் நிற்கக்கூட இடம் இருக்காது. நான் ஜெர்மன் வகுப்பில் சேருவதற்கு முன்பே கற்றுக்கொண்ட வார்த்தைகள் 'ஃபெர்ஷ்பேடுங்', 'ஃபெல்ட் அவுஸ்'. தாமதம், ரத்து. ஒரு நவம்பர் ஞாயிறு இரவு, பேர்கூட நினைவில்லாத சின்ன ஸ்டேஷனில் எங்கள் இணைப்பு வண்டி ரத்தாகிவிட்டது. காத்திருப்பு அறை பூட்டியிருந்தது. ஃப்ளாஸ்க்கில் மிச்சமிருந்த காபியை மூடியில் ஊற்றி ஆளுக்கு ஒரு மடக்காகக் குடித்துக்கொண்டு ஒரு மணி இருபது நிமிடம் நின்றோம். கடைசியில் ரயிலுக்குப் பதிலாக ஒரு பஸ் வந்தது. வீடு சேரும்போது மணி ஒன்று, மறுநாள் இவருக்கு ஆபீஸ். இதற்கு நஷ்டஈடு உண்டு. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் இந்த டிக்கெட்டுக்கு 1.50 யூரோ. ஆனால் 4 யூரோவுக்குக் குறைவாக இருந்தால் தர மாட்டார்கள். அதனால் மூன்று தாமதங்களைச் சேர்த்து வைத்து விண்ணப்பிக்க வேண்டும். அந்த இரவு பட்ட பாட்டுக்கு இந்தத் தொகை எந்த வகையிலும் நியாயமில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இன்னொரு அனுபவம். ஒரு நாள் ட்ராமில் வரும்போது என் ஃபோனில் சார்ஜ் இறங்கிவிட்டது, டிக்கெட் ஃபோனுக்குள். சாதாரண உடையில் பக்கத்தில் நின்றிருந்தவர் அட்டையைக் காட்டி டிக்கெட் கேட்டார். இங்கே ஸ்டேஷனில் தடுப்புக் கதவு கிடையாது, திடீரென்று இப்படித்தான் சோதிப்பார்கள். 60 யூரோ அபராதச் சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். எல்லோரும் பார்க்கிறார்கள், எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நம் பேரில் உள்ள டிக்கெட் என்பதால் மறுநாள் கவுண்டரில் காட்டியதும் 7 யூரோவோடு முடிந்தது. அந்த வாரமே பிளாஸ்டிக் சிப் அட்டைக்கு மாறினேன். நீங்களும் முடிந்தால் அட்டையாகவே வாங்குங்கள். கூடவே பாஸ்போர்ட்டோ குடியிருப்பு அட்டையோ இருக்கட்டும், பெயரைச் சரிபார்ப்பார்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனியின் எல்லா நில எல்லைகளிலும் சோதனை உண்டு. நெதர்லாந்து, பெல்ஜியம் போய்த் திரும்பும்போதும் அவை கையில் இருப்பது நல்லது.

இது சந்தா, தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். நிறுத்த வேண்டுமென்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு ஈரோடு போவதற்காக 2024 டிசம்பரில் 11-ஆம் தேதி போய் நிறுத்தினோம். ஜனவரிக்கும் பணம் எடுத்துக்கொண்டார்கள். அந்த மாதம்தான் விலை 49-லிருந்து 58 ஆகியிருந்தது. காலண்டரில் சிவப்பு மையில் குறித்து வையுங்கள்.

2026 ஜனவரியிலிருந்து 63 யூரோ. ஆபீஸ் மூலம் எடுத்தால் குறையும். கம்பெனி குறைந்தது 25 சதவீதம் போட்டால், டிக்கெட் விலையில் இன்னும் 5 சதவீதம் கழிப்பார்கள். இவர் அப்படித்தான் 34.30-ல் ஆரம்பித்து இப்போது 44.10 கட்டுகிறார். எனக்கு முழு விலை. இருவருக்கும் சேர்த்து மாதம் 107.10. ஆரம்பத்தில் 83.30-தான். தினமும் ட்ராமில் வேலைக்கோ வகுப்புக்கோ போகிறவருக்கு இப்போதும் லாபம்தான். வீட்டிலிருந்தே வேலை பார்த்து, மாதம் ஒரு தடவை வெளியே போகிறவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எடுக்கட்டும். தூரத்துக்கு இதை நம்ப வேண்டாம். ஹாம்புர்குக்கு ஓஸ்னாப்ருக், ப்ரேமன் என்று வண்டி மாறி மாறிப் போனோம், போய்ச் சேர்ந்தபோது ஊர் பார்க்கும் தெம்பே இல்லை. அந்த மாதிரி பயணத்துக்கு முன்கூட்டியே தள்ளுபடியில் ஐசிஇ எடுத்துவிடுவது மேல். ரயில் ஆப்பில் இந்த டிக்கெட் செல்லும் வண்டிகளை மட்டும் காட்டும் ஃபில்டர் இருக்கிறது, அதைப் போட்டு வையுங்கள். அப்புறம் ஒரு சின்ன விஷயம்: ஸ்டேஷன் கழிப்பறைக்குப் பெரும்பாலும் காசு, வண்டியில் இலவசம். இறங்குவதற்கு முன் போய்விடுங்கள்.

ஹம் ஊரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. ஆர்இ 1 வண்டி இங்கிருந்து நேராக ஹம் போகும். அங்கிருந்து பஸ்ஸில் ஊன்ட்ராப். தொழிற்பேட்டைக் கிடங்குகளுக்கு நடுவே திடீரென்று 17 மீட்டர் உயரத்தில் கோபுரம். காமாட்சி அம்பாள் கோயில். இலங்கைத் தமிழர்கள் எழுப்பியது, 2002-ல் குடமுழுக்கு. கோடையின் தொடக்கத்தில் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் வருவார்கள். நாங்கள் முதலில் போனது கூட்டமில்லாத ஒரு சனிக்கிழமை. பூஜை முடிந்து உட்கார்ந்திருந்தபோது ஒரு வயதான அம்மா பக்கத்தில் வந்து, "பிள்ளையள் எங்கையிருந்து வாறியள்?" என்று கேட்டார். சொன்னோம். இந்த டிக்கெட்டில்தான் வந்தோம் என்று இவர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த அம்மா கைப்பையைத் திறந்து, விபூதிப் பொட்டலத்துக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் அடியிலிருந்து அதே அட்டையை எடுத்துக் காட்டினார்.

"நாங்கள் எண்பத்தஞ்சில வந்தனாங்கள். அப்ப இந்த வட்டாரத்தை விட்டு வெளியால போக ஏலாது. என்ர அண்ணா ப்ரேமனில இருந்தவர். அவரைப் பார்க்கப் போறதெண்டாலும் கந்தோரில நிண்டு கடிதம் எடுக்க வேணும். கடிதம் இல்லாமல் பிடிபட்டால் தண்டம்."

தஞ்சம் கேட்டு வந்தவர்கள் தங்களுக்கு ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு அனுமதியில்லாமல் நகரக் கூடாது என்று 1982-ல் சட்டமாகவே போட்டிருந்தார்கள். நான் அதுவரை அதைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. அந்த அம்மா அட்டையைத் தன் முந்தானையால் ஒரு தரம் துடைத்து மறுபடி பையில் வைத்தார். "இப்ப மாதத்தில ஒருக்கால் அண்ணாவிட்ட போறன். ஒருத்தரிட்டையும் கேக்கத் தேவையில்லை." அதற்குப் பிறகு ஹம் போகும்போதெல்லாம் அந்த அம்மா இருக்கிறாரா என்று தேடுவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது.

வருகிற ஜூனில் என் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் இந்த டிக்கெட் எடுக்கலாம், தடையில்லை. ஜூனுக்கு மட்டும் எடுத்து 10-ஆம் தேதிக்குள் நிறுத்திவிடப் போகிறோம். அப்பா முப்பது வருடம் ஈரோடு–கோவை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஃபோனில் நான் எல்லாவற்றையும் விளக்கியதும், "அப்ப டிக்கெட்டை யாரு கண்ணு கிழிக்கறது?" என்று கேட்டார். யாரும் கிழிக்க மாட்டார்கள் அப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ஆறு எந்தப் பக்கம் வரும் என்று மட்டும் கேட்டார். இடது பக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.