மாவுத் தூசியில் ஒரு பழைய ஆபீஸ் லேப்டாப்

முப்பதாயிரத்துக்குள் ஒரு லேப்டாப், அதுவே வீட்டுக்கும் ஆக வேண்டும் தொழிலுக்கும் ஆக வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அந்த விலையில் புதியதைத் தேடாதீர்கள். பெரிய நிறுவனங்கள் குத்தகைக் காலம் முடிந்து கழித்துவிடும் ஆபீஸ் லேப்டாப்புகள் ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் கடைக்கு வருகின்றன. அதில் நல்லதாக ஒன்றைப் பார்த்து எடுங்கள். 2023 தொடக்கத்தில் அப்படி வாங்கியதுதான் மதுரை அனுப்பானடியில் எங்கள் அப்பளக் கம்பெனியிலும் மாடி வீட்டிலுமாக இன்றுவரை ஓடுகிறது. பதினான்கு அங்குலத் திரை, எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 8 ஜிபி ராம் (வேலை ஓடும்போது பயன்படும் நினைவகம்), 256 ஜிபி எஸ்எஸ்டி (கோப்புகளை வைக்கும் வேகமான சேமிப்பகம்). பில்லோடு இருபத்திரண்டாயிரம் ஆனது.

வேலை ஒன்றும் பெரியதில்லை. அப்பளத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதால் அந்தத் தொல்லை எங்களுக்குக் குறைவு. டேலி என்ற கணக்கு மென்பொருளில் வரவு செலவு, சனிக்கிழமை தோறும் பெண்களுக்கான கூலிக் கணக்கு, பாக்கெட் லேபிள், லாரி ஆபீசுக்கு அனுப்பும் பில். இரவில் மாடிக்குப் போனால் அதே லேப்டாப்பில் மகளின் கல்லூரிப் பாடம், பிறகு மாமியாரின் பழைய பாட்டுகள். உலாவியில் இருபது தாவல்களைத் திறந்துவைத்துக்கொண்டு டேலியையும் ஓட்டுவதுதான் இதற்கு நான் வைக்கும் அதிகபட்சச் சோதனை. 8 ஜிபியில் திணறியது. ராம் செருகக் காலியாக இருந்த இன்னொரு ஸ்லாட்டில் 8 ஜிபி போட்ட பிறகு அந்தப் பேச்சே இல்லை.

அந்தக் காலி ஸ்லாட்டுக்காகத்தான் நான் புதியதை விட்டேன். அப்போது அதே விலையில் கடையில் பளபளவென்று இருந்த புதிய லேப்டாப்பின் அட்டையைப் படித்துப் பார்த்தேன். செலரான் என்4020 செயலி, உள்ளே வேலை செய்யும் கோர் இரண்டே இரண்டு. 4 ஜிபி ராம், அதுவும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தது. சேமிப்புக்கு 64 ஜிபி இஎம்எம்சி, எஸ்எஸ்டியைவிட மெதுவான ரகம். விண்டோஸ் 11 தன் குறைந்தபட்சத் தேவையாகக் கேட்பதே 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும்தான். அப்படியென்றால் அந்தப் பெட்டி கடையை விட்டு இறங்கும்போதே மூச்சுத் திணறிக்கொண்டுதான் இறங்குகிறது. இந்த ரகத்தில் சில எஸ் மோடில் வரும். அதில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கு வெளியே எதையும் நிறுவ முடியாது, டேலி ஏறாது. எஸ் மோடிலிருந்து வெளியேறக் காசு கேட்பதில்லை, ஆனால் வெளியேறிவிட்டால் திரும்ப முடியாது. விற்பவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துப் புதியதே வாங்குகிறவர்கள் ஏஎம்டியின் ரைசன் செயலி எண்களைக் கவனிக்க வேண்டும். 7000 வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தக் காலத்தது என்று சொல்லும். 7320யு, 7520யு இரண்டிலும் அது 2, அதாவது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7530யு என்றால் அதற்கு அடுத்த ஜென் 3. பெயரில் ஏழாயிரம் என்று இருப்பதை வைத்து எல்லாம் ஒன்று என்று நினைத்தால், பெயர் வைத்தவர் நினைத்தது நடந்துவிடும்.

பழையதிலும் தலைமுறை முக்கியம். இன்டெலில் ஐ5 என்பதற்குப் பிறகு வரும் எண் 8-இல் தொடங்குகிறதா 7-இல் தொடங்குகிறதா என்று பாருங்கள். 8350யு நான்கு கோர், 7300யு இரண்டு கோர். இதைவிடப் பெரிய வேறுபாடு 2025 அக்டோபர் 14 அன்று தெரிந்தது. அன்றோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்தது. எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும். ஏழாம் தலைமுறையில் ஒன்றிரண்டு விதிவிலக்குகளைத் தவிர ஏறாது. மூவாயிரம் மிச்சம் என்று ஏழாம் தலைமுறை வாங்கிய என் தம்பி, திருமங்கலத்தில் செராக்ஸ் கடை வைத்திருப்பவன், 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு நீட்டிப்பில் ஓட்டிக்கொண்டிருக்கிறான். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்ப வேண்டாம், பழைய லேப்டாப்புக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டுவது எளிது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து செயலியின் பெயரைப் பாருங்கள்.

இனி மாவு. உளுந்து மாவு எங்கே படியாது என்று எனக்குத் தெரியாது. மெஷின் இருக்கும் கூடத்திலிருந்து ஆபீஸ் அறைக்குக் கதவு போட்டு, கதவுக்குத் திரையும் போட்டிருக்கிறேன். ஆனாலும் காலையில் மேசையைத் துடைத்தால் மதியம் விரலால் பெயர் எழுதலாம். ஒரு கோடையில் ஃபேன் இரைச்சல் தாங்க முடியாமல் போனது. கீபோர்டின் இடது மூலையில் கை வைக்க முடியவில்லை, டேலியில் ஒரு வவுச்சர் போட்டு என்டர் தட்டினால் திரை யோசித்துக்கொண்டு நின்றது. சிம்மக்கல்லில் ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். பின் மூடியில் சில திருகுகள்தான், கழற்றியதும் மூடி முழுதாக வந்துவிட்டது. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் இடையில் வெள்ளையாக ஒரு படலம், எண்ணெய்ப் பிசுக்கில் இறுகி, காற்று போகும் வழியை முழுக்க அடைத்திருந்தது. கடைத் தம்பி அதை இடுக்கியால் பிடித்து இழுத்தார். உடையாமல் ஒரே துண்டாக வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, எண்ணெய் காய்ந்தால் இதைப் பொரித்துவிடலாம்."

சுத்தம் செய்து, செயலியின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்டை மாற்றிப் போட்ட பிறகு சூடு இறங்கியது, வேகமும் திரும்பியது. இப்போது அந்த வேலையை நானே செய்கிறேன். இந்த ஆபீஸ் ரகங்களுக்கு எந்தத் திருகு எங்கே என்று படத்தோடு விளக்கும் கையேட்டைத் தயாரிப்பாளர்களே தங்கள் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். திங்க்பேட், லாட்டிட்யூட், எலைட்புக் என எதற்கும் தேடினால் கிடைக்கும். வீட்டு உபயோக ரகங்களில் பலவற்றில் கீழ் மூடியைத் திறப்பதற்குள் இரண்டு கொக்கியாவது உடைந்துவிடும். தூசியும் வெயிலும் சேர்ந்த ஊரில் எளிதாகத் திறக்க முடிவதுதான் முதல் தகுதி. செயலியின் வேகமெல்லாம் அதற்கு அப்புறம்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையில் போகும் கரண்ட் மாலை ஐந்து மணிக்குத்தான் வரும். வாங்கும்போது இருந்த பேட்டரி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. பழைய லேப்டாப்பில் அது எதிர்பார்த்ததுதான். புது பேட்டரிக்கு மூவாயிரத்துச் சொச்சம் ஆனது. அந்தத் தொகையையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். கடையிலேயே விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுக்கச் சொல்லலாம். பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்று இரண்டு எண்களும் அதில் இருக்கும்.

கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புப் பக்கமான பயாஸில் நுழைய பாஸ்வேர்டு கேட்கிறதா? கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கண் எதிரே விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லி, இணையத்தோடு இணைத்துப் பாருங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அதன் மின்னஞ்சலில் நுழையச் சொன்னால், அந்தப் பெட்டி இன்னும் பழைய முதலாளியின் பட்டியலிலேயே இருக்கிறது. அதை நீக்க உங்களாலும் முடியாது, கடைக்காரராலும் முடியாது.

சார்ஜரையும் பாருங்கள். எனக்குக் கொடுத்தது எர்த் இல்லாத இரண்டு முள் சார்ஜர். சார்ஜ் ஏறும்போது ஓரத்து உலோகத்தில் மணிக்கட்டு பட்டால் சுருக் சுருக் என்றது. கடைக்காரர் "எல்லா லேப்டாப்பும் அப்படித்தான் அக்கா" என்றார். அப்படி இல்லை. மூன்று முள் சார்ஜரை அங்கேயே மாட்டிக் காட்டிய பிறகுதான் மாற்றிக் கொடுத்தார். பில் இல்லாமல் எடுத்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

குறைகள்: ஒலி மிக மெல்லியது, மாமியார் தனியாக ஸ்பீக்கர் வாங்க வைத்துவிட்டார். கேமராவில் முகம் மங்கல். எடை கூடுதல். திரை ஃபுல் எச்டி என்பதால் எக்செல்லுக்குப் போதும், ஆனால் நிறம் வெளிறித் தெரியும். பாக்கெட் டிசைனின் சிவப்பை நான் இதில் பார்த்து ஒப்புக்கொள்வதில்லை, அச்சு மாதிரியைக் கையில் வாங்கித்தான் பார்ப்பேன். கீபோர்டு மட்டும் அபாரம், எண்ணெய்க் கையோடு தட்டியும் ஒரு எழுத்துகூட அழியவில்லை.

"ஆபீஸ், டேலி எல்லாம் ஓசியில் போட்டுத் தருகிறேன்" என்று கடையில் சொல்வார்கள். கூலிக் கணக்கும் வங்கிக் கணக்கும் இருக்கும் பெட்டியில் யாரோ பூட்டு உடைத்த மென்பொருள் எதற்கு? எங்கள் அளவுக்கு இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தாராளம். டேலிக்கு மட்டும் காசு கொடுத்தே உரிமம் எடுத்தோம், அது லேப்டாப்பைவிட விலை அதிகம். கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு அதன் கல்விப் பயன்முறை இலவசம். அதில் மாதத்தின் முதல் இரண்டு நாள், கடைசி நாள் தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும்.

வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைபடம் என்று போகிறவர்களுக்கு இது ஆகாது. மகள் இப்போது அந்தப் பக்கம் போகிறாள், அவளுக்குத் தனியாகப் புதியதுதான். கம்பெனிக்கு அடுத்து பதினோராம் தலைமுறை ஆபீஸ் லேப்டாப் ஒன்று பார்த்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிக் கிடப்பதால், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இந்த முறை உதவாது. 16 ஜிபியோடு வந்தால் மட்டும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.