படகு டாய்லெட்டுக்கு "மோட்டார் போச்சு" என்று சொன்னால் உடனே பணம் எடுக்காதீர்கள்

துபாயில் சார்ட்டர் போட்டுகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் போட்டில் வேக்குவம் டாய்லெட் இருந்தால் இதைப் படித்துவிட்டு அப்புறம் சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.

எங்களுடையது மிதியை மிதித்தால் உறிஞ்சி இழுத்துக்கொள்ளும் வேக்குஃப்ளஷ் வகை. டாய்லெட் பக்கம் யாருமே போகாத நேரத்திலும் பம்பு தானாக ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும், சற்று விட்டு மறுபடி ஓடும். ராத்திரி கேபினில் படுக்கவே முடியவில்லை. சீசன் நேரம் வேறு. அர்பாப் (முதலாளி) சத்தம் போடுவதற்குள் சரிசெய்துவிடலாம் என்று ஒருவரை வரவழைத்தோம். நம்ம ஊர்ப் பக்கத்துக்காரர், பேச்சு தேன்.

தரைப்பலகையைத் திறந்து காதை வைத்துக் கேட்டார். "மோட்டார் போயிடுச்சு தம்பி, முழு செட்டையும் மாத்தணும்" என்றார்.

"ஓடி ஓடி நிக்குதே அண்ணே, அப்புறம் எப்படிப் போச்சு?"

"அது கடைசி மூச்சு."

பம்பு மாற்றினார். குழாயில் அடைப்பு என்று சொல்லி ஆசிட் வேறு ஊற்றி, அதற்குத் தனி பில். மொத்தம் நான்காயிரம் திர்ஹாமுக்கு மேல் போனது. பழைய பம்பை "எக்ஸ்சேஞ்ச்" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரியும் பம்பு அதே மாதிரி ஓடியது. ஃபோன் செய்தால், புதுசு செட் ஆகும் வரை அப்படித்தான் இருக்குமாம்.

பக்கத்து போட்டின் பிலிப்பினோ இன்ஜினியர் வந்து கேட்ட முதல் கேள்வி, "பவுலில் தண்ணீர் நிற்கிறதா?" என்பதுதான். ஊற்றிப் பார்த்தோம். கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டு பவுல் காய்ந்துவிட்டது. பவுலின் அடியில் இருக்கும் ரப்பர் சீல் தேய்ந்திருந்தது. அதை மாற்றினோம். பம்பு வாயை மூடிக்கொண்டது. சீலின் விலை, அந்த பில்லில் ஒரு ஓரத்துக்குக் கூட வராது.

விஷயம் இவ்வளவுதான். இந்த சிஸ்டம் குழாயிலும் வேக்குவம் டேங்கிலும் சுமார் 10 அங்குல பாதரச அளவுக்கு வேக்குவத்தைப் பிடித்து வைத்திருக்கும். மிதித்ததும் அது குறையும், ஸ்விட்ச் பம்பை ஓட்டும், அளவு ஏறியதும் நிறுத்தும். தானாக நிற்கிறது என்றால் பம்பு தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். மறுபடி மறுபடி ஓடினால் எங்கோ காற்று கசிகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை தானாக ஓடினால் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். அதற்கு மேல் அடிக்கடி ஓடினால்தான் தேட வேண்டும். பவுலில் தண்ணீர் இறங்கினால் சீல். தண்ணீர் அப்படியே நின்றும் பம்பு ஓடினால் ஓஸ் கிளாம்புகளையும், பம்பின் இரு பக்கமும் வாத்து அலகு மாதிரி இருக்கும் ரப்பர் டக்பில் வால்வுகளையும் பாருங்கள். டாய்லெட்டிலிருந்து வரும் ஓஸைக் கழற்றி, வேக்குவம் டேங்க் பக்க வாயை அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் கசிவு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இதில் ஒன்றைக்கூடச் செய்யாமல் பம்பு விற்க வருபவர் மெக்கானிக் இல்லை, வியாபாரி.

அந்தப் "புது" பம்பின் கதையைக் கேளுங்கள். டக்பில்லைப் பார்க்கலாம் என்று கழற்றினால், உள்ளே மூத்திர உப்பு கெட்டியாகப் படிந்து கிடக்கிறது. ஒரு நாள் ஓடியதில் அப்படிப் படியாது. வெளியே மட்டும் புது பெயிண்ட், சீரியல் நம்பர் ஸ்டிக்கர் சுரண்டப்பட்டிருந்தது. ஆசிட் பட்டதில் ரப்பர் உப்பிப் போய் நான்கு வால்வுகளையும் மாற்ற வேண்டி வந்தது. ரப்பர் இருக்கும் லைனில் ஆசிடோ பிளீச்சோ ஊற்ற யாரையும் விடாதீர்கள்.

ஒரு சீல், ஒரு செட் டக்பில் எப்போதும் போட்டில் இருக்கட்டும். கழிவு டேங்கின் காற்றுக்குழாயில் கரி ஃபில்டர் இருந்தால் அதையும் காலத்தில் மாற்றுங்கள். அது அடைத்தாலும் பம்பு திணறும், அப்போதும் இதே "மோட்டார் போச்சு" வசனம்தான் வரும்.

பணம் திரும்ப வரவில்லை. பழைய பம்பைக் கேட்டால் ஸ்கிராப்பில் போட்டாச்சு என்கிறார். எனக்கென்னவோ அது இப்போது வேறொரு போட்டில் புதுசாக ஓடிக்கொண்டிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. அண்மையில் பம்பு மாற்றியவர்கள் அடித்தட்டைப் பாருங்கள். நீலப் பெயிண்ட் சிந்திய தடம் இருந்தால் அது எங்களுடையது.