நோ பார்க்கிங் வழக்கா? யாரையும் நம்பி லைசென்ஸைக் கொடுத்துவிடாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வாடகைக் கார் ஓட்டுகிற அண்ணன் தம்பிகள் இதைத் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். 3,500 ரூபாயில் முடிய வேண்டிய விஷயத்துக்கு ஒரு ஆளிடம் 12,000 ரூபாயைக் கொடுத்தேன். கூடவே என் ஒரிஜினல் லைசென்ஸையும் கொடுத்தேன். இரண்டும் இன்னும் திரும்பி வரவில்லை.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். வெளியூர்க்காரர்களைக் கானாடுகாத்தான் வீடுகள், ஆத்தங்குடி டைல்ஸ், பிள்ளையார்பட்டி என்று கூட்டிப்போய்க் காட்டுவதுதான் என் பிழைப்பு. சுற்றி முடித்ததும் எல்லாரும் கேட்பது முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கிற பழைய சாமான் கடைகளைத்தான். "பத்து நிமிஷம்" என்று இறங்குவார்கள். மரவை, பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். அந்த நேரத்தில் வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். ஒருநாள் குப்பை வண்டி திரும்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். அதனால் போலீஸ் சலான் (அபராதச் சீட்டு) போட்டது நியாயம்தான். அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

சலான் போட்டதே எனக்குத் தெரியாமல் போனதுதான் வினை. வண்டிக்குத் தகுதிச் சான்று (எஃப்.சி.) எடுக்கப் போனபோதுதான், "மூணு சலான் பாக்கி இருக்கு, முடிச்சிட்டு வாங்க" என்றார்கள். என் போனுக்கு ஒரு மெசேஜ்கூட வந்ததில்லை. வெளியே வந்து, பழக்கமான புரோக்கர் அண்ணனிடம் சொன்னேன். வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது பெயர் மாற்றிக் கொடுத்தவரே அவர்தான். நான் முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, மூணும் ஒரே எடத்துல விழுந்திருக்கு. கோர்ட்டுக்குப் போயிருச்சு. கூப்பிட்டு நிக்கவச்சு லைசென்ஸை ஆறு மாசம் முடக்கிட்டாங்கன்னா சீசன் முழுசும் போச்சுல்ல? நம்மகிட்ட விடு, நான் பாத்துக்கிறேன்."

மூன்றும் ஒரே இடம் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு மாசம் என்ற வார்த்தை மட்டும்தான் காதில் நின்றது. வீட்டுக்காரியின் தோட்டை அடகு வைத்து 8,000, கைமாத்தாக 4,000 புரட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். "கோர்ட்டுல காட்டணும், ஒரிஜினலைக் குடு" என்றார். அதையும் கொடுத்தேன்.

நாலு நாள் கழித்து ரசீது என்று மூன்று தாள் தந்தார். மேலே கோபுர முத்திரை, கீழே "பணம் செலுத்தப்பட்டது". வண்டி நம்பர் சரியாக இருந்ததைப் பார்த்ததும் நிம்மதியாக மடித்து வைத்துக்கொண்டேன். அப்போதே நிதானமாகப் பார்த்திருக்க வேண்டும். மூன்று தாளிலும் ரசீது எண் ஒன்றே. தேதியும் நேரமும் ஒன்றே, நிமிஷம்கூட மாறவில்லை. முத்திரை ஒரு பக்கமாகச் சாய்ந்து அச்சாகியிருந்தது.

மூன்று வாரம் ஆகியிருக்கும். சவாரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பினால் ஆத்தா வாசல்படியிலேயே உட்கார்ந்திருக்கிறது. "போலீஸு வந்து காயிதம் குடுத்துட்டுப் போச்சுய்யா, என்னய்யா பண்ணுன?" என்று கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. குறித்த தேதியில் கோர்ட்டில் ஆஜராகச் சொல்லி சம்மன். புரோக்கருக்கு அடித்தால் போன் ஸ்விட்ச் ஆஃப்.

அன்று ராத்திரி தூக்கமில்லை. மறுநாள் கோர்ட்டில் இருக்கிற வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போனேன். என் வருமானத்துக்கு வக்கீல் உதவி இலவசமாகவே கிடைத்தது. 15100 என்ற எண்ணுக்கு அடித்தும் இந்த உதவியைக் கேட்கலாம் என்பதே அங்கே போய்த்தான் தெரிந்தது.

வக்கீலம்மா பொறுமையாக விளக்கினார்கள். போக்குவரத்துக்கு இடைஞ்சலாக வண்டியை நிறுத்துவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 122-இல் வருகிறது. அதற்கு அபராதம் பிரிவு 177-இன்படி முதல் தடவை 500 ரூபாய், அடுத்தடுத்து என்றால் 1,500. முன்பு இது 100, 300 என்று இருந்தது. 2019-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், நம் மாநிலத்தில் 2022 அக்டோபரில் ஏற்றினார்கள். இந்தப் பிரிவில் அபராதம்தான், ஜெயில் கிடையாது.

லைசென்ஸ் விஷயத்தில் புரோக்கர் சொன்னது முழுப் பொய் இல்லை. நான் விழுந்ததே அதனால்தான். தண்டிக்கும்போது கூடவே லைசென்ஸைத் தகுதிநீக்கம் செய்ய பிரிவு 20 கோர்ட்டுக்கு அதிகாரம் கொடுக்கிறது. பொது இடத்தில் வண்டியை விட்டுப்போய் மற்றவர்களுக்கு இடையூறு செய்தால் ஆர்.டி.ஓ.வும் பிரிவு 19-இன்படி நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் உங்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்காமல் ஆர்.டி.ஓ. அதைச் செய்ய முடியாது. உத்தரவே வந்தாலும் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இதில் எந்த இடத்திலும் புரோக்கருக்கு வேலையே இல்லை.

பேசிக்கொண்டே அவர்கள் பரிவாகன் என்கிற அரசுப் போக்குவரத்துத் தளத்தில் என் வண்டியின் விவரத்தைத் திறந்தார்கள். பதிவான செல் நம்பரில் முன்னால் எல்லாம் நட்சத்திரக் குறி, கடைசி நாலு எண் மட்டும் தெரிந்தது. அது என் நம்பர் இல்லை. ஆனால் எங்கேயோ பார்த்த எண். என் போனை எடுத்துக் கடைசியாக யாருக்கு அடித்தேன் என்று பார்த்தேன். அதே நாலு எண். பெயர் மாற்றும்போது என் நம்பருக்குப் பதிலாகத் தன் நம்பரைப் போட்டிருக்கிறார் அந்த ஆள். மூன்று சலானும் அவர் போனுக்குத்தான் போயிருக்கின்றன. அத்தனையும் தெரிந்துகொண்டு, நான் தேடி வரும்வரை வாயைத் திறக்கவில்லை. பணம் போனதைவிட எனக்கு வலித்தது இதுதான்.

கோர்ட்டில் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மாஜிஸ்திரேட் கேட்டார், தப்பை ஒப்புக்கொண்டேன். வண்டி ஓட்டித்தான் வீடு நடக்கிறது என்று வக்கீலம்மா எடுத்துச் சொன்னார்கள். மூன்றுக்கும் சேர்த்து 3,500 அபராதம், இனிமேல் இப்படிச் செய்யக் கூடாது என்று ஒரு எச்சரிக்கை. லைசென்ஸை முடக்கவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு ரசீதை அங்கேயே வாங்கிக்கொண்டேன்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதற்கான ரசீது (சி.எஸ்.ஆர்.) வாங்கியிருக்கிறேன். இப்போதைக்கு போனில் டிஜிலாக்கர் என்கிற அரசு ஆப்பில் இருக்கிற லைசென்ஸைக் காட்டித்தான் ஓட்டுகிறேன், அது செல்லும். போனில் சலான் என்று ஏபிகே ஃபைல் (ஆப்பை போனில் ஏற்றுகிற ஃபைல்) வந்தால் அதையும் தொடாதீர்கள், அது வேறு வகைத் திருட்டு. பரிவாகன் தளத்தின் முகவரி "கவ் டாட் இன்" (gov.in) என்றுதான் முடியும்.

அந்த ஆள் எப்போதும் இரண்டு செல்போன் வைத்திருப்பார். ஒன்று அடித்துக்கொண்டே இருக்கும், இன்னொன்றுக்கு மெசேஜ் மட்டும் வரும். அந்த இரண்டாவது போனில் இன்னும் எத்தனை பேருடைய சலான் விழுந்துகொண்டிருக்கிறதோ தெரியாது. செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கியவர்கள், புரோக்கர் மூலம் பெயர் மாற்றியவர்கள், இன்றைக்கே பரிவாகனில் போய் அந்தக் கடைசி நாலு எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே மாற்றிவிடுங்கள்.