ஓட்டத்துக்குள் இறக்குவதா, ஓரத்தில் வைத்துக் கேட்பதா?

2006 டிசம்பர் 26 இரவு தைவானுக்குத் தெற்கே நிலம் நடுங்கியது. மறுநாள் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஊருக்கு மெயில் அனுப்ப உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரமாகியும் பக்கம் திறக்கவில்லை. கடலடியில் 9 கேபிள்கள் அறுந்திருந்தன. நடுக்கம் கிளப்பிவிட்ட சேறும் மணலும் நீரோடு கலந்து, காவ்பிங் என்ற கடலடிப் பள்ளத்தாக்கு வழியாகப் பாய்ந்து வரிசையாக அறுத்துக்கொண்டே போனது. 11 கப்பல்கள் சேர்ந்து சரிசெய்ய 49 நாள் பிடித்தது. கடலடியில் பாயும் இந்தச் சேற்று ஓட்டங்களை எந்தக் கருவியால் அளப்பது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை.

முதல் அளவுகோல் கேபிள்தான். 1929 நவம்பர் 18 அன்று நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே 12 தந்திக் கேபிள்கள் அறுந்தன. கடைசியாக அறுந்தது நடுக்கம் முடிந்து 13 மணி 17 நிமிடம் கழித்து. அறுந்த நேரங்களையும் தூரங்களையும் வைத்து ஹீசன், யூயிங் என்ற இரு கடலாய்வாளர்கள் 1952-இல் வேகத்தைக் கணக்கிட்டார்கள். அருமையான வேலை. ஆனால் கேபிள் அறுந்தால்தான் கணக்கு. அறுக்காமல் போன ஓட்டம் கணக்கிலேயே வராது.

அடுத்தது ஏடிசிபி, அதாவது ஒலியால் நீரோட்ட வேகத்தை அளக்கும் கருவி. சிங்கப்பூர் நீரிணையில் தூர்வாரும் இடங்களில் கலங்கல் அளக்க நாங்கள் தினமும் புழங்கும் கருவி இது. அதன் முகத்தில் நான்கு வட்டத் தட்டுகள். சிப்பி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறக்குவோம். ஒலியை அனுப்பும், மண் துகளில் பட்டுத் திரும்பும் ஒலியின் சுருதி மாறியிருப்பதை வைத்து வேகம் சொல்லும். வேகத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. மண்ணின் அளவு என்று வந்தால் தடுமாறும்: நிறைய நுண்சேறும் கொஞ்சம் பெருமணலும் அதற்கு ஒரே மாதிரி எதிரொலிக்கலாம். இங்கே நாங்கள் பாட்டிலில் தண்ணீர் மொண்டு சரிபார்க்கிறோம். ஓட்டம் பாயும்போது பள்ளத்தாக்கில் யார் போய் மொள்வது?

இன்னொரு குறை எனக்கு இதைவிடப் பெரியது. ஒலிக்கற்றை 20 பாகை சாய்ந்த கருவியைத் தரையிலிருந்து 60 மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால், தரையின் எதிரொலி கடைசி மூன்றரை மீட்டரை மறைத்துவிடும். மண் மிக அடர்ந்து ஓடுவது அங்கேதான். கலிஃபோர்னியாவின் மான்டரே பள்ளத்தாக்கில் 2015 முதல் 2017 வரை 18 மாதம் அளந்தபோது, நொடிக்கு 7.2 மீட்டர் வேகம் வரை பதிவானது. அந்த அடி அடுக்கு 800 கிலோ எடையுள்ள பொருளையே நகர்த்தியது.

விழும் மண்ணைப் பிடித்துவைக்கும் வண்டல் பொறி, ஒரே இடத்தின் கடலடித் தரையைத் திரும்பத் திரும்ப எதிரொலிமானியால் வரைவது ஆகிய இரண்டும் நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். கனடாவின் ஸ்குவாமிஷ் கழிமுகத்தில் 2011-இல் தினமும் வரைந்து நல்ல பலன் கண்டார்கள். ஆழம் கூடக் கூட, கப்பலிலிருந்து எடுக்கும் படம் மங்கிவிடும்.

சரி, என் தேர்வு எது? பள்ளத்தாக்குக்கு வெளியே வைக்கும் கடலடி நிலநடுக்கமானி. 2020 ஜனவரியில் காங்கோ பள்ளத்தாக்கில் 1,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய ஓட்டம், நங்கூரமிட்ட ஏடிசிபி மிதவைகளைப் பிய்த்து மேலே அனுப்பியது. அவை மேலே வந்த நேரத்தை வைத்தும் வேகத்தைக் கணித்தார்கள் என்பது உண்மை. ஆனாலும் அது திரும்பவும் 1929-இன் கணக்குத்தான். ஓரத்தில் இருந்த நிலநடுக்கமானிகளோ ஓட்டம் தரையை உலுக்கியதை அடிபடாமல் பதிந்தன.

மண் எவ்வளவு என்று அவை சொல்லாது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு, போனால் போகட்டும் என்று ஒரே ஒரு ஏடிசிபியை உள்ளே இறக்கலாம். வேகத்துக்கு இரண்டு நிலநடுக்கமானி போதும். 20 கிலோமீட்டர் இடைவெளியில் வைத்தால், நொடிக்கு 5 மீட்டர் ஓட்டம் ஒன்றிலிருந்து அடுத்ததை எட்ட ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். கடலடியில் ஜிபிஎஸ் கிடைக்காமல் கடிகாரம் ஓரிரு நொடி விலகியிருந்தாலும் அந்தக் கணக்கு கெடாது.