கல்மண்டபம் அருகிலுள்ள மருந்துக் கடை: டயாலிசிஸ் நோயாளியின் வீட்டிலிருந்து ஒரு மதிப்புரை

இராயபுரம் கல்மண்டபத்துக்கு அருகே, பக்கத்துத் தெருவில் உள்ள இந்தச் சிறிய மருந்துக் கடையில்தான் மூன்று ஆண்டுகளாக அம்மாவுக்கு மருந்து வாங்கி வருகிறேன். அம்மா வீட்டிலேயே வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்பவர். பையிலுள்ள திரவத்தை வயிற்றுக்குள் விட்டு, இரத்தத்திலிருந்து கழிவுகள் அதில் இறங்கிய பிறகு வடித்துவிடும் முறை இது. நாளுக்கு நான்கு பை, பைக்கு இரண்டு லிட்டர்.

சென்ற மாதம் கால் எரிச்சலுக்காக வேறொரு மருத்துவரிடம் காட்டியபோது, கபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்தை 300 மில்லிகிராம் மூன்று வேளை என்று எழுதிக் கொடுத்தார். டயாலிசிஸ் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லத் தவறிவிட்டேன். சீட்டைப் பார்த்த மருந்தாளுநர் அம்மையார் மாத்திரையை எடுக்காமல், "சிறுநீரக டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தம்பி" என்றார். தினமும் டயாலிசிஸ் நடக்கும்போது மருந்தும் அதிலேயே போய்விடாதா என்று கேட்டேன். அதற்கு அவர் பொறுமையாகச் சொன்ன பதிலுக்காகவே இதை எழுதுகிறேன்.

கபாபென்டின் கல்லீரலில் சிதையாது. சிறுநீரோடுதான் வெளியேற வேண்டும். நலமாக இருப்பவருக்கு இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய 5 முதல் 7 மணி நேரம் போதும். சிறுநீரே பிரியாதவருக்கு, டயாலிசிஸ் இல்லாத நாள்களில், அதற்குச் சுமார் 132 மணி நேரம் பிடிக்கும். புரதத்தோடு ஒட்டாத சிறு மூலக்கூறு என்பதால் வயிற்று உறையைக் கடந்து திரவத்துக்குள் அது வரத்தான் செய்கிறது. ஆனால் நாளுக்கு எட்டு லிட்டர் என்பது நிமிடத்துக்கு ஐந்தரை மில்லிலிட்டர்தான். இரத்தத்தில் உள்ள அதே அடர்த்தி திரவத்திலும் ஏறிய பிறகே வடித்தாலும், நிமிடத்துக்கு அதற்கு மேல் இரத்தம் சுத்தமாக வழியில்லை. நல்ல சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் சுத்தப்படுத்துபவை. மருந்து உள்ளே தேங்கினால் மயக்கமும் தடுமாற்றமும் கைகால் வெட்டி இழுப்பதும் வரும் என்று கேட்டபோது எனக்கு உடல் நடுங்கியது. சிறுநீரக மருத்துவர் அளவை இரவில் 100 மில்லிகிராமாகக் குறைத்தார்.

அம்மாவுக்கு இன்னும் பிரிகிற கொஞ்சம் சிறுநீரும் மருந்தை வெளியேற்றும் வழி என்பதால், அதைக் கெடுக்கக்கூடிய ஐப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை மருந்தாளுநர் அம்மையார் எங்களுக்குத் தருவதே இல்லை.

கடை மிகக் குறுகலானது. டயாலிசிஸ் பைகள் இங்கே கிடைக்காது. மாலையில் கூட்டம் நெருக்கும் என்பதால், விவரம் கேட்க வேண்டுமானால் காலையில் போவது நல்லது. நாளுக்கு எத்தனை பை, எவ்வளவு சிறுநீர் பிரிகிறது என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.