ஆறு சேனல் போதுமா? ஃப்ளைஸ்கை ஐ6 ரேடியோவோடு இரண்டு வருஷம்

"எத்தனை சேனலுங்க வேணும்?" என்றுதான், குட்டி மாடல் விமானம் ஓட்ட ரேடியோ ரிமோட் வாங்கப் போனபோது கடைக்காரர் முதலில் கேட்டார். கேபிள் டி.வி. பேக்கேஜ் கேட்கிற மாதிரி இருந்தது. நாலு என்றால் கஞ்சன், பத்து என்றால் ஏமாளி என்று நானாகவே ஒரு கணக்குப் போட்டு "ஆறு" என்றேன். ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 என் கைக்கு வந்த கதை இவ்வளவுதான். கூடவே, அது அனுப்புவதை விமானத்துக்குள் இருந்து வாங்கிக்கொள்கிற ஐஏ6பி ரிசீவர். இரண்டும் சேர்த்து 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே.

எனக்குத் தொழில் லேத் பட்டறை. சேனல் என்றால் என்ன என்று புரியவைத்தவன் ஏரோநாட்டிக்கல் படிக்கிற அக்கா பையன். "மாமா, விமானத்துல தனித்தனியா அசைய வேண்டியது எத்தனைன்னு எண்ணுங்க. ஒண்ணொண்ணுக்கும் ஒரு சேனல். அம்புட்டுதான்."

முதல் விமானம் சன் போர்ட் என்கிற நுரை அட்டையில் வெட்டினோம். எண்ணினால் மூன்று: மோட்டார், மேலே கீழே போக எலிவேட்டர், திரும்ப ரடர். இறக்கை நுனிகளைக் கொஞ்சம் தூக்கி ஒட்டியிருந்ததால் ரடரைத் திருப்பினாலே விமானம் அந்தப் பக்கம் தானாகச் சாய்ந்து வளையும். மூன்று சேனல் விமானம் செய்கிறவர்கள் ரடரை அசைக்கிற குட்டி மோட்டாரை, அதாவது சர்வோவை, ரிசீவரில் நாலாவது இடத்தில் மாட்டாமல் முதல் இடத்தில் மாட்டுங்கள். இந்த ரேடியோவில் 1 ஏலரான் (இறக்கைகளின் பின்விளிம்பில் ஒன்று ஏற ஒன்று இறங்கி விமானத்தைச் சாய்க்கிற தட்டுகள்), 2 எலிவேட்டர், 3 த்ராட்டில் (மோட்டார் வேகம்), 4 ரடர். ஒன்றில் மாட்டினால் வலது குச்சியிலேயே திருப்பலாம், ஏற்றலாம். பின்னாடி ஏலரான் விமானத்துக்குப் போகும்போது கை தடுமாறாது.

உடுமலைப்பேட்டை பக்கம் அறுத்துவிட்ட சோளக்காட்டில்தான் பறக்கவிடுகிறோம். ஆடி மாசத்தில் அங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்படி வீசும் என்று சொல்ல வேண்டியதில்லை, காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் காற்றில் மூன்று சேனல் விமானம் காகிதம். இறக்கை ஒரு பக்கம் தூக்கினால் ரடர் அதைச் சரி செய்வதற்குள் அடுத்த காட்டுக்குப் போயிருக்கும். ஏலரான் வைத்த பிறகுதான் மூச்சு வந்தது. ஆக, ஒழுங்காகப் பறக்க நாலு.

மிச்சம் இரண்டு சேனல் எதுக்கு? ஆறு மாசம் சும்மாதான் கிடந்தன. அப்புறம் ஃப்ளாப் வைத்தேன், ஐந்தாவது சேனலில். மெதுவாக இறங்குவதற்காக இறக்கையின் பின்பக்கம் கீழே மடிகிற தட்டுதான் ஃப்ளாப். ரேடியோவில் எஸ்டபிள்யூசி என்று மூன்று நிலை சுவிட்ச் ஒன்று உண்டு. மேலே வைத்தால் ஃப்ளாப் இல்லை, நடுவில் பாதி, கீழே முழுசு. பெரிய விமானம் இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள், அதேதான். முதல் நாள் ஆசையாக வேகம் குறையாமலே ஒரேயடியாக முழு ஃப்ளாப் இறக்கினேன். விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு பலூன் மாதிரி எழும்பி, வேகம் செத்து, ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. புரொப்பல்லரும் மோட்டார் மவுண்டும் போச்சு. தப்பு முழுக்க என்னுடையது. ஃப்ளாப் இறங்கும்போது எலிவேட்டரும் கொஞ்சம் கீழே போகும்படி மிக்ஸ் போட வேண்டும், ஐந்தாவது சேனல் தலைவன், இரண்டாவது அதன் தொண்டன் என்று. வீட்டிலேயே போட்டேன். ஆனால் சேமிக்கவில்லை! இதில் ஓகே பட்டனை அழுத்தினால் சேமிப்பு ஆகாது. கேன்சல் பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால்தான் ஆகும். லேசாகத் தட்டினால் போட்டதெல்லாம் போய்விடும். கேன்சல் என்று எழுதிவிட்டு அதில் சேமிப்பை வைக்க யாருக்குத் தோன்றியதோ. கையேட்டில் தெளிவாகத்தான் போட்டிருக்கிறார்கள், நான் படிக்கவில்லை.

ஆறாவது சேனலில் இப்போது இரண்டாவது ஏலரான். முன்பு இரண்டு சர்வோவையும் ஒன்று இரண்டாகப் பிரிகிற ஒய் வயரில் சேர்த்து ஒரே சேனலில் ஓட்டினேன், அதுவும் பறந்தது. பிரித்த பிறகு மேலே போகிற ஏலரானை அதிகமாகவும் கீழே போவதைக் குறைவாகவும் வைக்க முடிகிறது. கீழே இறங்குகிற ஏலரான் அந்த இறக்கையைப் பின்னுக்கு இழுக்கும், அதனால் மூக்கு நாம் திருப்ப நினைத்ததற்கு எதிர்ப்பக்கம் திரும்பும். அது இப்போது நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் இந்த ரேடியோவில் மொத்தமே மூன்று மிக்ஸ்தான். ஃப்ளாப்புக்கு ஒன்று, ஏலரானுக்கு ஒன்று, கையில் மிச்சம் ஒன்று.

காட்டுக்கு வருகிற ஒரு பெரியவர் அந்தக் காலத்து ஆள். "தம்பி எந்தச் சேனல்ல ஓட்டறீங்க?" என்று கேட்டார். ஆறு என்றேன். அவர் கேட்டது அதுவல்ல. கிரிஸ்டல் போட்ட பழைய ரேடியோக்களில் சேனல் என்றால் அலைவரிசை எண். ஒரே எண்ணில் இரண்டு பேர் ஆன் பண்ணினால் மேலே இருக்கிற விமானம் கீழே வந்துவிடும். அதனால் கேட்டுக்கேட்டுத்தான் ஆன் பண்ணுவார்களாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ரேடியோவும் ரிசீவரும் தங்களுக்குள் பைண்ட் ஆகி, அதாவது ஜோடி சேர்ந்து, அலைவரிசை தாவிக்கொண்டே இருப்பதால் அந்தக் கவலை இல்லை.

அக்கா பையன் இதற்கு வேறு ஃபர்ம்வேர் (உள்ளே ஓடுகிற மென்பொருள்) ஏற்றிப் பத்து சேனல் ஆக்கித் தருகிறேன் என்கிறான். ஆக்கலாம்தான். ஆனால் ரிசீவரில் சர்வோ மாட்ட ஆறு வரிசை பின்தானே இருக்கிறது? மற்ற நாலும் ஐ-பஸ் என்கிற ஒரே வயர் வழியாகத்தான் வரும். ட்ரோன்காரர்களுக்குப் பிரயோஜனம், அவர்களுடைய ஃப்ளைட் கன்ட்ரோலர் அதைப் படித்துக்கொள்ளும். எனக்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

மற்றபடி, நாலு பென்சில் செல் போடணும். ரேடியோவிலேயே சார்ஜ் ஏற்ற வழி இல்லை. ரிசீவருக்கு எத்தனை வோல்ட் போகிறது என்று திரையில் காட்டுவது பெரிய உதவி. சுவிட்ச் எல்லாம் மேலே, த்ராட்டில் கீழே இருந்தால்தான் ஆரம்பிக்கும். இதற்கு ஒரு சபாஷ். 20 மாடல் வரை நினைவில் வைக்கும். வாங்கிய அன்றே ஃபெயில்சேஃபில், அதாவது சிக்னல் அறுந்தால் என்ன செய்யணும் என்கிற அமைப்பில், த்ராட்டிலைப் பூஜ்யமாக வையுங்கள். புரொப்பல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டார் ஓடும்போது ரேடியோவை அணைத்துப் பாருங்கள். மோட்டார் நிற்கணும்.

போன வாரம் பையன் ஒரு கிளைடர் வரைபடம் அனுப்பினான். ஏலரான் இரண்டு, ஃப்ளாப் இரண்டு, எலிவேட்டர், ரடர், மோட்டார். எண்ணினேன், ஏழு. "இப்பவாச்சும் பெரிய ரேடியோ வாங்குங்க மாமா" என்கிறான். ஃப்ளாப் இரண்டையும் ஒய் வயரில் சேர்த்தால் ஆறுதான். ஏலரான் மாதிரி எதிரெதிராகப் போகாமல் இரண்டும் ஒரே பக்கம் இறங்கும்படி ஒரு சர்வோவை மட்டும் திருப்பி மாட்டணும். அதற்கு இறக்கையில் இடம் இருக்கிறதா என்றுதான் இப்போது அளந்துகொண்டிருக்கிறேன்.